கபருக்குள் கொஞ்சம் நுரையீரல்

அத்தியாயம் 6

உள்ளே விடமாட்டேன் என்று கையை நீட்டி மறித்த காவலாளிக்கு, போன வாரம் வரைக்கும் சாலோமிதான் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நன்றிக்காகவோ என்னவோ, மனிதர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் மறித்தார்.

"எனக்கே சங்கடமா இருக்கு தாயி. மேலிடத்து உத்தரவு. அங்கன டீக்கடையில போயி இரி."

சாலோமி போய் இருந்தாள். யாரிடமும் வாதாடி ஜெயித்த சரித்திரம் அவளுக்கு இல்லை.

பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் அவள் நர்ஸ். மேலப்பாளையம் ஹபீப் முகம்மதுவின் வலது நுரையீரலில் கட்டி இருந்த பகுதியைப் போன வாரம் டாக்டர் செந்தில்முருகன் வெட்டி எடுத்தார். நெஞ்சைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளைகள் போட்டு, கேமராவையும் நீண்ட கழுத்துள்ள ஸ்டேப்ளரையும் உள்ளே விட்டுச் செய்கிற ஆபரேஷன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் சொன்னார்கள். மறுநாளிலிருந்து ஹபீபின் நெஞ்சுக் குழாய் முங்கியிருக்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழி நிற்கவில்லை. உள்ளே தைத்த இடத்தில் எங்கோ காற்று கசிகிறது. மனிதர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தார்.

டாக்டர் காரணம் சொன்னார். "ஸ்டேப்ளருக்கு நான் பச்சை கார்ட்ரிட்ஜ் கேட்டேன். சாலோமி வெள்ளையை எடுத்துக் கொடுத்துட்டாங்க."

சாலோமி கொடுத்தது பச்சை. அது அவளுக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். இருவரையும் யாரும் விசாரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தைரியம் வந்து, "முறையா விசாரணை வைங்க சார், தப்புன்னு தெரியாம நான் ஒத்துக்கிட மாட்டேன்" என்று நிர்வாகத்திடம் சொன்னாள். அன்றைக்கே சஸ்பெண்ட் ஆனாள். அதன் பிறகுதான் வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த இசக்கியம்மாவைத் தேடிப் போனாள்.

இசக்கியம்மா முன்னாள் ஹெட் கான்ஸ்டபிள். திருடனைப் பிடிப்பதைவிட மேலதிகாரியிடம் ஜீப்புக்கு அனுமதி பிடிப்பது கஷ்டமாக இருக்கிறது என்று வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நிலையம் திறந்தவர். இப்போது ஜீப்புக்குப் பதில் நூகுவின் ஆட்டோ. ஆட்டோவோடு நூகுவின் வாயும் சேர்ந்து வரும், அதற்குத் தனி வாடகை இல்லை.

உள்ளே போய் ஹபீபைப் பார்த்துவிட்டு இருவரும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி டீக்கடைக்கு வந்தார்கள்.

"பாத்துட்டோம் சிஸ்டர்," என்று பெஞ்சில் உட்கார்ந்தான் நூகு. "அந்தப் பாட்டில வச்சு ஒரு சோடா கம்பெனி நடத்தலாம். அம்புட்டுக் குமிழி."

"ஏலே, வாய மூடு," என்றார் இசக்கியம்மா. "ஏட்டி சாலோமி, டாக்டரப் பாத்தேன். சின்னக் கசிவு, தானா ஆறிரும், பொறுத்திருக்கணும்னு சொல்லுதாரு. ஆறுமா?"

"சின்னதா இருந்தா ஆறும்க்கா. இது இருமும்போதெல்லாம் கொப்பளிக்கி. ஆறுத மாதிரி எனக்குத் தெரியல."

"நீ போட்ட கார்ட்ரிட்ஜ் எங்க?"

"உபயோகிச்ச அன்னைக்கே கழிவு வண்டியில போயிட்டு."

"கேமரா உள்ளுக்க போச்சே. படம் பதிவாகியிருக்கணுமே?"

"அன்னைக்குப் பதிவு ஓடலைன்னு சொல்லுதாங்க."

"நம்ம ஊரு கேமராவுக்கு ஒரு குணம்க்கா," என்றான் நூகு. "கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சு எச்சி இலை எடுக்கது வரைக்கும் ஓடும். தேவைப்படுத நேரத்துல கண்ணசந்துரும்."

"பக்கத்துல யாரெல்லாம் நின்னா?"

"இன்னொரு நர்ஸ் பஞ்சு எண்ணிக்கிட்டு நின்னா. மயக்க டாக்டர் தலைமாட்டுல. சளி அடைக்குன்னு நடுவுல உறிஞ்சு குழாய் போட்டுக்கிட்டு இருந்தாரு. யாரும் என் கையப் பாக்கல."

இசக்கியம்மா டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "எனக்கு இந்த ஸ்டேப்ளர் சங்கதிய ஒரு தடவ சொல்லு. ஆபீஸ் ஸ்டேப்ளர்தானே, அதுல என்ன பச்சை வெள்ளை?"

"பின்னோட கால் உசரம்தான்க்கா நிறம். ரத்தக் குழாய் மெல்லிசு, அதுக்கு வெள்ளை. நுரையீரல் சதைக்கு நீலம். மூச்சுக் குழாய் தடிமன், அதுக்குப் பச்சை. வெள்ளையப் போட்டா கால் எட்டாது, மடங்காது, பிரிஞ்சுரும். ஒரு அமுக்கு அமுக்கினா வரிசை வரிசையாப் பின் விழும், நடுவுல கத்தி ஓடி வெட்டிரும்."

"நடுவுலயா? ஓரத்துலயா?"

"நடுவுலக்கா."

அப்போது டீக்கடைக்காரர், சரமாகத் தொங்கிய ஷாம்பூ பாக்கெட்டில் ஒன்றைப் பிய்த்து ஒரு கிழவரிடம் நீட்டினார். இசக்கியம்மாவின் கண் அங்கே போனது, திரும்பவில்லை. எழுந்துபோய் இன்னொன்றைத் தானே பிய்த்தார். பிய்த்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, தலைக்குக் குளிக்கப் போறியளா?" என்றான் நூகு.

"இங்க பாருலே. ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவுல அகலமா ஒரு ஒட்டு. அந்த ஒட்டுக்கு நடுவுல கிழிக்காரு. பாதி ஒட்டு என் கையில இருக்க பாக்கெட்டுல. மிச்சப் பாதி?"

"தொங்குததுல."

"ரெண்டு ஒட்டும் ஒரே அமுக்குல வந்தது. இத வச்சு அதச் சொல்லிறலாம்." அவர் சாலோமி பக்கம் திரும்பினார். "ஹபீப் நெஞ்சுக்குள்ள இருக்க பின்ன நம்மளால பாக்க முடியாது. ஆனா வெட்டி வெளிய எடுத்த துண்டோட ஓரத்துலயும் அதே பின் இருக்கணுமே? அது எங்க?"

சாலோமி தன் கைகளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தன் கையாலேயே எத்தனையோ துண்டுகளை ஏந்தித் தட்டில் வைத்திருக்கிறாள். இது தோன்றவே இல்லை. "சோதனைச் சாலைக்குப் போயிருக்கும்க்கா..."

"போகல," என்றது ஒரு பெண் குரல்.

கையில் ஃபிளாஸ்கோடு ஜுபைதா பீவி நின்றிருந்தாள். ஹபீப் முகம்மதுவின் மனைவி. பக்கத்தில் அவள் தம்பி யஹ்யா. பால் வாங்க வந்தவர்கள் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டிருந்தார்கள். ஜுபைதாவின் கண்கள் சாலோமியைவிட்டு அசையவில்லை.

"நிறத்த மாத்திக் குடுத்தவ இவதானா?"

சாலோமி எழுந்து நின்றாள்.  

"மாத்தினாளா இல்லையான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்," என்றார் இசக்கியம்மா. "துண்டு எங்கம்மா?"

யஹ்யாதான் பதில் சொன்னான். "மையவாடியிலங்க. டாக்டர் தங்கமான மனுசன். கட்டிய மட்டும் அறுத்து சோதனைக்கு அனுப்பிட்டு, மிச்சத்த மருந்துத் தண்ணியில போட்டு அவராவே கொண்டாந்து குடுத்தாஹ. 'உடம்புல எடுத்தத நீங்க அடக்கம் பண்ணுவீங்களே, இன்னைக்கே பண்ணிருங்க'ன்னு சொன்னாஹ. வெள்ளைத் துணியில சுத்தி அன்னைக்கே வச்சிட்டேன்."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லங்க. இருந்த பதட்டத்துல எங்களுக்கே அது தோணல."

நூகு தொண்டையைக் கனைத்தான். "யக்கா, நானும் மேலப்பாளையத்துக்காரன்தான். இதே ஆஸ்பத்திரியிலதான் எனக்குக் குடல்வால் எடுத்தாங்க. உன் வழக்கம் என்னன்னு ஒருத்தனும் கேக்கல. அது பாட்டுக்கு எந்த வாளியில போச்சோ. இவரு மட்டும் மார்க்கத்த இவ்வளவு மனப்பாடமா வச்சிருக்காரே!"

"அதாம்லே நானும் யோசிக்கேன்," என்றார் இசக்கியம்மா மெதுவாக. "பீரோவுல வச்சாத் திறப்பாங்க. லாக்கர்ல வச்சா கோர்ட்டு திறக்கும். அடக்கம் பண்ணின கபர எவன் திறப்பான்?"

 எதிர்ச் சாலையில் ஸ்ரீவைகுண்டம் பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது.

"தோண்டணும்னு சொல்லுதீங்களா?" என்றாள் ஜுபைதா.

"உன் அனுமதியில்லாம மாட்டேன்மா."

"எனக்கு என்ன உரிமை இருக்கு? அது அவுஹ உடம்பு. அவுஹ உசுரோட இருக்காஹ. அவுஹகிட்டக் கேளுங்க."

யஹ்யா ஆஸ்பத்திரி மாடிக்கு ஓடினான். சற்று நேரத்தில் ஜுபைதாவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. ஆக்சிஜன் மூடிக்குப் பின்னால் ஹபீப் முகம்மதுவின் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. ஓமானில் வருஷக் கணக்காகச் சுமை தூக்கிய தோள், தலையணைக்குள் புதைந்து கிடந்தது. இசக்கியம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஹபீப் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு... முன்னால போயி... எடம் புடிச்சிருக்கு," என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. போனின் ஓரத்தில் பாட்டில் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. "எடுங்க. பாத்துட்டு... திரும்ப வச்சிருங்க. எடம்... போயிரப்படாது."

ஜுபைதா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு சாலோமியிடம் வந்தாள்.

"நீ குடுத்தது சரின்னா அது தெரியட்டும். தப்புன்னாலும் தெரியட்டும். அவுஹளுக்கு மூச்சு ஏன் தங்க மாட்டேங்குதுன்னு எவனாவது எனக்குச் சொல்லணும்."

* * *

மையவாடிக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. ஆட்டோவைச் சுற்றுச்சுவரின் நிழலில் நிறுத்தினான் நூகு. வழியிலேயே யஹ்யா பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் செய்து கேட்டிருந்தான். உயிரைக் காப்பாத்தத்தானே, எடுங்க, பாத்துட்டு மூடிருங்க என்று உத்தரவாகியிருந்தது. ஆண்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு உள்ளே போனார்கள்.

சாலோமி ஆட்டோவுக்குள் உட்கார்ந்து விரல்களைப் பின்னிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி விழும் சத்தம். இந்தப் பக்கம் எந்த வீட்டிலோ தறி ஓடும் சத்தம்.

"ஜெபம் பண்ணுதியா?" என்றார் இசக்கியம்மா.

"என்ன கேக்கன்னு தெரியலக்கா. என் கை சரின்னு இருந்தா நான் பொழச்சேன். ஆனா பின் சரின்னா, அவரு மூச்சு ஏன் போவுது?"

 அந்தக் கேள்வி இசக்கியம்மாவுக்கும் இருந்தது.

யஹ்யா உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டு வந்தான், தூங்குகிற குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி. ஆட்டோவின் பின் சீட்டில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில் வைத்தான். வைத்த கையோடு சுவர்ப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று ஓத ஆரம்பித்தான். மச்சானின் உடம்பில் ஒரு பங்கை அவனால் பார்க்க முடியவில்லை.

சாலோமி கையுறை போட்டுத் துணியை விலக்கினாள். மருந்துத் தண்ணீரில் ஊறியதால் கெட்டிருக்கவில்லை. பழுப்பாக, இறுகிப்போன பஞ்சுபோல இருந்தது. ஓரத்தைத் திருப்பினாள். தடித்த மூச்சுக் குழாயின் வாயை மூடிக்கொண்டு பின்கள் மினுங்கின. கண்ணை நெருக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பின்னும் தன் இரண்டு கால்களையும் உள்ளே மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"பச்சைக்கா," என்றாள்.  "வெள்ளையா இருந்தா இந்தத் தடிமனுக்குக் கால் எட்டியிருக்காது. எல்லாம் மடங்கியிருக்கு பாருங்க. நான் பச்சைதான் குடுத்தேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் நூகு. "யக்கா, கேஸ் முடிஞ்சுது. எங்க டீ சாப்பிடலாம்?"

"பொறுலே. எல்லாம் சம்மணம் போட்டிருக்குன்னு சொன்னா. இங்கன பாரு, பந்தியில நடுவுல மட்டும் காலு நீட்டி உட்காந்திருக்கது யாரு?"

வரிசையின் நடுவே சில பின்கள் மடங்காமல் கோணிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு அடியில் ஏதோ பளபளத்தது. சதையும் இல்லை, பின்னும் இல்லை. இசக்கியம்மா தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நீட்டினார். சாலோமி அதை வைத்துக் குழாய்க்குள் மெல்ல நெம்பினாள்.

ஒரு விரற்கடை நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வெளியே வந்தது. ஒரு முனை உருண்டையாக, பக்கவாட்டில் சின்ன ஓட்டையோடு. மறுமுனை கத்தியால் சீவியதுபோல் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது.

நூகு எட்டிப் பார்த்தான். "நுரையீரலுக்குள்ள ஸ்ட்ரா எல்லாமா வச்சுப் படைச்சிருக்கான்?"

சாலோமி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். "சளி உறிஞ்சு குழாய்க்கா. மயக்க டாக்டர் தொண்டை வழியா விட்டிருந்தது. ஸ்டேப்ளர் அமுக்குமுன்னால 'குழாய வெளிய எடுத்தாச்சா'ன்னு சர்ஜன் கேக்கணும், அவரு எடுத்தாச்சுன்னு சொல்லணும். பொறவுதான் அமுக்கணும். அன்னைக்கு சார் கேக்கல."

"கேக்காம அமுக்கினா?"

"குழாயையும் சேத்துப் பின் அடிச்சிட்டு. கத்தி அதையும் வெட்டிட்டு. நுனி இந்தத் துண்டோட வந்துட்டு. மிச்சம் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு, இழுத்து எடுத்திருக்காங்க. பின்னு பிஞ்சிருக்கும். பிளாஸ்டிக் துணுக்கு இன்னும் அங்கனதான் சிக்கியிருக்கும். கதவிடுக்குல துணி மாட்டினா எப்படி அடைச்சாலும் அடையாதுல்லா, அது மாதிரி. இது தானா ஆறாதுக்கா! மறுபடி உள்ள போயி எடுத்துட்டுத் தைச்சாத்தான் அவரு பொழப்பாரு."

"வெளிய வந்த குழாய்க்கு நுனி இல்லன்னு அந்த ரெண்டு டாக்டருக்கும் அன்னைக்கே தெரியும்," என்றார் இசக்கியம்மா. "அந்த நுனி எங்க இருக்கும்னும் தெரியும். எல்லாரும் பாக்க அத நோண்டி எடுக்கவும் முடியாது. அதாம் மார்க்கத்து மேல அம்புட்டு மரியாதை வந்திருக்கு."

அவர் அந்த நுனியைக் கைக்குட்டையில் சுற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். துண்டை முன்பிருந்தபடியே துணியில் கட்டச் சொல்லி யஹ்யாவைக் கூப்பிட்டார்.

"இது அவரு உடம்பு, கொண்டு போயி வச்சிருங்க தம்பி. அவரு எடம் அவருக்கே இருக்கட்டும், பைய வந்தாப் போதும்."

"என்ன தெரிஞ்சுதுங்க?" என்றான் யஹ்யா.

"டாக்டரக் கேட்டுட்டுச் சொல்லுதேன்."

* * *

டாக்டர் செந்தில்முருகன் மதுரைக்காரர். வாரத்தில் சில நாட்கள் மட்டும் வந்து போவார். மாலை ரயிலுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை காவலாளி மறிக்கவில்லை. இசக்கியம்மாவின் நடையைப் பார்த்து, பழைய காக்கி வாசனை அடித்ததோ என்னவோ, சல்யூட் அடிக்காத குறையாக ஒதுங்கினார். நூகு அறைக் கதவை உள்ளிருந்து சாத்தி அதில் சாய்ந்துகொண்டான்.

இசக்கியம்மா கைக்குட்டையை மேஜையில் விரித்தார்.

டாக்டர் அதைப் பார்த்தார். பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மறுக்கக்கூட இல்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறிடும்னு நினைச்சேன்," என்றார்.

"ஆறல."

"மேல ரெண்டு தையல் போட்டுத் தண்ணி ஊத்திப் பாத்தேன். அப்ப ஒரு குமிழி வரலை. சத்தியமா வரலை."

"சரி டாக்டர். இப்ப நீங்க உள்ள போயி அதச் சரி பண்ணுதீங்க. இல்லேன்னா நான் இந்த நுனியோட கமிஷனர் ஆபீசுக்குப் போறேன்."

செந்தில்முருகன் சிரித்தார். சிரிப்பில் அகங்காரம் இல்லை. அதுதான் சாலோமிக்குப் பயமாக இருந்தது.

"போங்கம்மா. தாராளமாப் போங்க. கேஸ் போட்ட நிமிஷத்துல நிர்வாகம் என்னைத் தியேட்டர் பக்கமே விடாது. அப்புறம் யாரு ஆபரேஷன் பண்ணுவா? மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தலாம். இந்த நிலைமையில பக்கத்துல இருக்கற கங்கைகொண்டானைக்கூடத் தாண்ட மாட்டார்."

"கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரி?"

"நான் விசாரிக்காம இருப்பேனா? இதைச் செய்யறவர் வெளியூர்ல இருக்கார். வர நாளாகும். இவருக்கு நாள் இல்லை."

 விலங்கு மாட்ட வேண்டிய கையும் அதுதான், உயிரைக் காப்பாற்ற வேண்டிய கையும் அதுதான். இசக்கியம்மா பல ரவுடிகளை மேஜைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசியவர். இப்படி ஒரு பூட்டை அவர் பார்த்ததில்லை.

"அப்போ நீங்களே இன்னைக்கு உள்ள போக வேண்டியதுதானே?" என்றார். "யாரு தடுத்தா?"

டாக்டர் சாலோமியைப் பார்த்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அவளை அவர் பார்த்தது அப்போதுதான்.

"இவங்கதான்."

"நானா சார்?"

"நீ விசாரணை கேட்ட. விசாரணை முடியற வரைக்கும் நெஞ்சைத் திறக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி வக்கீல் எழுதிக் கொடுத்துட்டார். திறந்தா உள்ள இருக்கறது சாட்சியாம், கலைக்கக் கூடாதாம். கமிட்டி கூடறதே அடுத்த வாரம்தான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் உண்மையைச் சொன்னா என்னைக் கட்டிப்போடுவாங்க. நீ ஒத்துக்கிட்டா விசாரணையே கிடையாது. இன்னைக்கே தியேட்டரைத் திறப்பாங்க. நான் ரயிலுக்குப் போகலை."

 ஊரில் சாலோமியை அப்பா பனையேறிப் படிக்கவைத்தார், ராதாபுரம் தாண்டி அவர்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதல் பெண் அவள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நியாயம் கேட்டாள். கேட்ட நியாயம் போய் ஹபீப் முகம்மதுவின் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"ஏட்டி, வேண்டாம்," என்றார் இசக்கியம்மா. அவள் முகத்தில் அதைப் படித்துவிட்டார். "ஒரு நா பொறு. நான் வேற வழி பாக்கேன்."

"உங்களுக்கு வேற வழி தெரியுதாக்கா?"

இசக்கியம்மா அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியல பிள்ள."

"அப்ப நான் ஒத்துக்கிடுதேன்."

டாக்டர் மெதுவாக மேஜையின் மேல் கைக்குட்டையை நோக்கிக் கையை நீட்டினார். இசக்கியம்மா அதற்கு முன்னால் அதை எடுத்துப் பர்ஸில் போட்டு மூடினார்.

"இது எங்கிட்டயே கிடக்கட்டும் டாக்டர். அவ வாக்கு அவளோடது. நான் ஒரு வாக்கும் குடுக்கல. அவரு மூச்சு ஒழுங்கா ஓடட்டும், பொறவு நம்ம ரெண்டு பேரும் பேசுவோம்."

* * *

மேலாளர் அறையில் அது முடிய அதிக நேரம் ஆகவில்லை. "கவனக் குறைவா வெள்ளைய எடுத்துக் குடுத்துட்டேன்" என்று சாலோமி சொன்னாள். மேலாளர் உடனே வக்கீலுக்குப் போன் போட்டார், தியேட்டருக்குப் போன் போட்டார். அவர் குரலில் ஒரு நிம்மதி. ஒரு பொய்க்கு இத்தனை கதவுகள் திறக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

செய்தி அவளுக்கு முன்னால் மாடி ஏறிவிட்டது. தியேட்டர் வராந்தாவில் ஜுபைதா பீவி காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்கிட்டியாமே?"

சாலோமி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்பொறம் எதுக்கு அந்த மண்ணத் தோண்டச் சொன்ன? உசுரோட இருக்க மனுசன்கிட்ட, உன் கபரத் தொறக்கவான்னு கேக்க வச்சியே, எதுக்கு? உன் தப்பு உனக்குத் தெரியாதா?" ஜுபைதா சத்தம் போடவில்லை. அடித்தொண்டையில் பேசினாள். "அவுஹ சிரிச்சாஹ. நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன?"

பக்கத்தில் யஹ்யா நின்றிருந்தான். மண் காயாத கையோடு இசக்கியம்மாவைப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நூகு எதையோ சொல்ல வாயெடுத்தான். சாலோமி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இப்போது ஒரு சொல் வெளியே வந்தாலும் தியேட்டர் மூடிக்கொள்ளும். அவள் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

தள்ளுகட்டிலில் ஹபீப் முகம்மதுவைக் கொண்டுவந்தார்கள். குழாயோடு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் கூடவே நடந்தான். ஜுபைதா கட்டிலோடு நடந்து, கணவரின் நெற்றியில் கை வைத்து ஏதோ ஓதி ஊதினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

சாலோமி திரும்பிப் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

தியேட்டர் கதவு மறுபடியும் திறந்தது. பச்சைத் தியேட்டர் உடை போட்ட டாக்டர் செந்தில்முருகன், ஈரக் கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றார். உள்ளேயிருந்து ஒரு இளம் நர்ஸ் அவர் தோளுக்குப் பின்னால் மிரண்டு பார்த்தாள்.

"சாலோமி, கை கழுவிட்டு வா."

படிக்கட்டுக்குப் போன சாலோமி திரும்பினாள்.

"சார்..."

"இந்தப் பொண்ணுக்கு ஸ்டேப்ளர் பிடிச்சுப் பழக்கமில்லை. கிழிஞ்ச இடத்துல மறுபடி அடிக்கணும். ஒரு தடவை தவறினா அவ்வளவுதான். நீ பக்கத்துல நின்னாத்தான் என்னால முடியும். சீக்கிரம்."

சாலோமி ஓர் அடி வைத்தாள். அதற்குள் ஜுபைதா பீவி கதவுக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றுவிட்டாள்.

"டாக்டர்," என்றாள். "கார்ட்ரிட்ஜ மாத்திக் குடுத்தது இவதானே?"

செந்தில்முருகன் தூக்கிப் பிடித்த தன் கைகளைப் பார்த்தார்.

"மாத்திக் குடுத்து எம் மாப்பிள்ளைய இந்தக் கதிக்குக் கொண்டாந்தவ கைதான் உங்களுக்கு வேணுமா? இத்தன பேரு இருக்கயில, இவளத்தான் நம்பிக் கூப்பிடுதீஹளா?"

கை கழுவிய தண்ணீர் டாக்டரின் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.   ஜுபைதா அவர் கண்களையே பார்த்தாள். பிறகு சாலோமியைப் பார்த்தாள். சாலோமி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஜுபைதா யஹ்யாவின் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். எல்லாக் கணக்கும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் கூடி வருவதை இசக்கியம்மா ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். துப்பறிய வேண்டிய எதையும் மிச்சம் வைக்காமல் அந்தப் பெண் பிள்ளை தானே பிடித்துவிட்டாள்.

 ஜுபைதா கத்தப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கதவின் பக்கம் திரும்பி, கண்ணாடி வட்டத்தின் வழியே உள்ளே விளக்குக்கு அடியில் கிடந்த உடம்பை ஒரு முறை பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

வழியைவிட்டு விலகினாள். சாலோமியின் முதுகில் கையை வைத்து, "போ தாயே," என்று உள்ளே தள்ளினாள்.

அப்புறம் டாக்டரிடம் சொன்னாள்:

"நீங்களும் போங்க டாக்டர். வெளிய வந்த பொறவு கேக்குதேன்."